மேற்கே தாழ்ந்த கூரை

கல்யாணமாகி வந்தபோது என்னோடு ஒரு மிதி மெஷினும் வந்தது. என் பிறந்த ஊர் தேரிக்காட்டு ஓரம், செம்மண் பூமி. அங்கே தையல் படித்து, நாலு தெருவுக்கு ரவிக்கையும் பாவாடையும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காட்டு நடுவில் இருந்த புகுந்த வீட்டில், அந்த மெஷினை உள்ளறையில் இறக்கி வைத்தார்கள். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, அது அங்கே ஓடாது என்று.

வெயிலுக்குப் பயந்து கட்டிய ஓட்டு வீடு அது. சுவர் கனம் அதிகம். ஜன்னல் என்று இருந்தது ஒரு கை நுழையும் ஓட்டை. நடுப்பகலிலும் ஊசியில் நூல் கோர்க்க வாசலுக்கு வர வேண்டும். கறுப்பு ரவிக்கைக்குக் கருநீலக் கையை வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன் ஒருமுறை. வெளிச்சத்தில் விரித்துப் பார்த்த அந்த அம்மாள் நல்ல மனசுக்காரி. சிரித்துக்கொண்டே பிரித்துத் தரச் சொன்னாள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டில் நாங்கள் நாலு பேர். மாமியார் நான் வருவதற்குப் பல வருஷம் முன்பே தவறிவிட்டார்கள். மாமனார் பருத்தியும் கம்பும் போடுகிற சம்சாரி. என் வீட்டுக்காரர் கோவில்பட்டி மில்லில் வேலை. ஷிப்டுக்கு சைக்கிளில் போய் வருவார். அவருக்கு ஒரு தங்கை, என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். மரம் ஏறுவாள், கிணற்றில் தலைகீழாகக் குதிப்பாள், யார் சொன்னாலும் நிற்கமாட்டாள். என்னை மதினி மதினி என்று சுற்றி வந்தவள் அவள்தான்.

வீட்டுக்குப் பின்னால் காலி இடம் கிடந்தது. அங்கே ஓலைக் கொட்டகை ஒன்று போட்டு மெஷினை வெளியே கொண்டுபோய்விடலாம் என்று சொன்னேன். என் ஊரில் நாலு கம்பை நட்டு, மேலே ஓலையைப் போட்டால் கொட்டகை. ஒரு பொழுது வேலை. மாமனார் கேட்டுவிட்டு, கரிசலில் கம்பு நிற்காது என்று மட்டும் சொன்னார். நான் அதை மனசில் வாங்கவில்லை. மருமகள் வெளியே உட்கார்ந்து தைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை, அதற்கு ஒரு சாக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதம் கட்டினோம். உடைமரக் கம்புகளை முழங்கால் ஆழத்தில் நட்டு, மண்ணை மிதித்து இறுக்கி, பனை ஓலை வேய்ந்தோம். பார்க்க லட்சணமாக இருந்தது. மெஷினைப் போட்டு உட்கார்ந்த முதல் நாள், துணியின் நிறம் துணியின் நிறமாகவே தெரிந்தது. வேலை ஓடியது. பக்கத்து ஊர்களிலிருந்தும் துணி வர ஆரம்பித்தது.

சித்திரையில் மண் வெடிக்கத் தொடங்கியது. கரிசல் வெடிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, பார்த்ததில்லை. முதலில் நூல் போல ஓடியது. பிறகு கை நுழைந்தது. என் கத்தரிக்கோல் மடியிலிருந்து நழுவி அப்படி ஒரு வெடிப்புக்குள் போய்விட்டது. நாத்தனார் கம்பியை வளைத்து விட்டு மீன் பிடிக்கிற மாதிரி அதைப் பிடித்து எடுத்தாள். வெடிப்பு கம்பைச் சுற்றியும் வந்தது. ஒவ்வொரு கம்பும் தன் குழியில், ஆடுகிற பல் மாதிரி நின்றது. இடையில் பெய்த கோடை மழைக்கு மண் உப்பியது. கம்புகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன.

ஆடி பிறந்ததும் மேற்கேயிருந்து காற்று வந்தது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, நான் மெஷினை உள்ளே தூக்கிப் போட்டுவிட்டு வந்து திரும்பிப் பார்க்கிறேன், கூரை கிளம்பிவிட்டது. மொத்தமாக, ஒரு பெரிய பறவை எழும்புவது போல எழும்பி, வேலியைத் தாண்டி, கீழவீட்டு அண்ணாச்சியின் வைக்கோல் படப்பு மேல் போய் உட்கார்ந்தது. ஊரே வந்து பார்த்தது. படப்புக்குத் தொப்பி வைத்தாயிற்று என்று அண்ணாச்சி சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கடைக்குப் போனாலும் கிணற்றுக்குப் போனாலும் அதே பேச்சு. மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மெஷின் மறுபடியும் உள்ளறைக்குப் போனது. ஆனால் என் எண்ணம் அந்தக் குழிகளிலேயே இருந்தது. ஒருநாள் காட்டுக் கிணற்றில் துணி துவைக்கப் போயிருந்தேன். கட்டாத கிணறு, வெட்டினது வெட்டினபடி கிடக்கும். தண்ணீர் வற்றிக் கீழே இறங்கியிருந்ததால் உள்சுவர் முழுதாகத் தெரிந்தது. மேலே ஆள் மார்பு உயரத்துக்குக் கரிசல். அது வெடித்து, சரிந்து, கட்டி கட்டியாக உதிர்ந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே வெள்ளையாகச் சுக்கான், சுண்ணாம்புக் கல் படுகை. அதில் ஒரு கீறல் இல்லை. கடப்பாரை பட்ட தடம்கூட அப்படியே இருந்தது. ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆடுகிறது எல்லாம் மேல் மண்தான். என் கம்புகள் அந்த மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டன.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சுக்கான் வரைக்கும் தோண்ட வேண்டும், குழியில் எடுத்த கரிசலைத் திருப்பிப் போடாமல் ஓடைச் சரளை போட்டு இடிக்க வேண்டும் என்று. அவர் கையை மார்புக்கு வைத்துக் காட்டினார்.

"இவ்வளவு ஆழத்துக்கா? கிணறுல்லா வெட்டச் சொல்லுத."

"ஆறு கம்புக்கு ஆறு கிணறு. வெட்டித் தாருங்க," என்றேன்.

வெட்டினார். மில்லிலிருந்து வந்து, சாப்பிட்டு, கொஞ்ச நேரம் கண்ணயர்ந்து, எழுந்து வெட்டுவார். நானும் நாத்தனாரும் மண்ணைக் கூடையில் அள்ளிக் கொட்டுவோம். கடப்பாரை முதல் முதலாகச் சுக்கானில் பட்டபோது எழும்பிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. மண்ணில் பட்ட சத்தமல்ல அது, கல்லில் பட்ட சத்தம். குழிக்குள் மார்பளவில் நின்றிருந்த அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். ஓடைச் சரளை வண்டியில் வந்தது. கரையான் ஏறாமல் இருக்கக் கம்புகளின் அடியைத் தீயில் கருக்கி நட்டோம். சரளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு உலக்கையால் இடித்தோம். உலக்கை பிடித்த கையெல்லாம் கொப்புளம்.

கூரைக்கு வந்தபோதுதான் பேச்சு வளர்ந்தது. காற்று உள்ளே புகுந்து தூக்குவதால்தான் கூரை பறந்தது. அதனால் மேற்குப் பக்கக் கூரையைத் தரைக்கு ஒரு முழம் மேலே வரை தாழ்த்தி இறக்கிவிடுவோம், காற்று அதன் முதுகில் ஏறிப் போய்விடும் என்றேன். நாத்தனார் உடனே கிழக்கைக் காட்டினாள். ஐப்பசி மழை கிழக்கேயிருந்து அடிக்குமே, திறந்து கிடந்தால் துணி என்னாகும் என்று கேட்டாள். கேட்டவளே பதிலும் சொன்னாள். கிழக்குப் பக்கம் ஓலைத் தட்டி ஒன்றை மேலிருந்து தொங்கவிடுவது. வெளிச்சம் வேண்டுமானால் கம்பு கொடுத்துத் தூக்குவது, மழை வந்தால் இறக்குவது.

வேய ஆள் கூப்பிட்டோம். வந்த இருவரும் மேற்கே இப்படித் தாழ்த்தினால் ஊர் சிரிக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஊர் ஏற்கெனவே சிரித்தாயிற்று. நாத்தனார் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள்.

மாமனார் வந்து பார்த்தார். "ஏட்டி, எறங்கு. பொம்பளப் பிள்ள கூரை மேல ஏறி நிக்கா. பாக்கவன் என்ன சொல்லுவான்?"

"முடிச்சிட்டு எறங்குதேன்ப்பா," என்று மேலிருந்தே சொன்னாள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு போய்விட்டார். நான் கீழேயிருந்து பாரம் ஏற்றிப் பாடம் வைத்த ஓலையை எடுத்துக் கொடுக்க, அவள் தாழ்வாரத்திலிருந்து மேலே மேலே வரிசை பிடித்து, நனைத்த பனைநாரால் கட்டிக்கொண்டே போனாள். முகட்டில், அறுத்துக் காய்ந்த கம்மந்தட்டையை இரண்டு கட்டாகப் போட்டு இறுக்கினாள். இறங்கி வந்தபோது அவள் உள்ளங்கை கிழிந்து ரத்தம் கசிந்தது. அவளுக்கு அதைப் பார்க்க நேரமில்லை. தள்ளி நின்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஆடி வந்தது. அந்த வருஷம் காற்று முன்னதைவிடக் கடுமை. தெருவில் பெண்கள் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு நடந்தார்கள். நான் கொட்டகைக்குள் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். காற்று தாழ்ந்த கூரையில் மோதி, ஓலை முழுவதும் சரசரவென்று ஏறி, தலைக்கு மேலே போய்விட்டது. மெஷினில் கிடந்த நூல்கண்டு உருளவில்லை. நாத்தனார் ஓடி வந்து, "மதினி, போவுது பாருங்க, மேல போவுது," என்றாள். நான் மிதிப்பதை நிறுத்தவில்லை. வேண்டுமென்றேதான் நிறுத்தவில்லை.

தீபாவளிக்குத் துணி குவிந்தது. எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ்தான். ஆனால் ஊரிலும் சுற்றுப்பட்டியிலும் பெரும்பாலும் தீபாவளிக்காரர்கள். பிள்ளைகளின் சட்டை பாவாடையெல்லாம் மூட்டை மூட்டையாக என்னிடம்தான் கிடந்தன. தைத்தவற்றை வீட்டுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். பண்டிகைக்குச் சில நாட்களே இருக்கையில் மழை பிடித்தது. கிழக்கே கறுத்து, காற்றோடு இறங்கி, விடவே இல்லை. தட்டியை முக்கால்வாசி இறக்கிவிட்டு, மிச்ச வெளிச்சத்தில் நான் தைத்தேன். நாத்தனார் பொத்தான் கட்டினாள். சாரல் தட்டியின் வெளிப்பக்கத்தில் வழிந்துகொண்டே இருந்தது. உள்ளே மண் உலர்ந்தே இருந்தது.

அப்போது மாமனார் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து வந்தார். தோளில் என்னுடைய துணி மூட்டை. அதைக் கீழே வைக்காமல் மெஷின் மேல் வைத்தார்.

"ஏம்மா, எல்லாத்தையும் இங்கன கொண்டாந்திருதேன். வீட்டுக்குள்ள ஓடு ஒழுகுது."

நான் எழுந்து மூட்டைக்கு இடம் ஒதுக்கினேன். அவர் திரும்பத் திரும்பப் போய் எல்லா மூட்டையையும் கொண்டுவந்தார். கடைசியில் தன் கட்டிலையும் தூக்கி வந்தார். கட்டிலைப் போடுமுன் ஒவ்வொரு கம்பாகப் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். ஆறாவது கம்பையும் தள்ளிவிட்டு, "ஒண்ணும் அசையலியே," என்றார். அவர் குரலில் குறை சொல்லும் சுருதி இல்லை. பிறகு கட்டிலில் நீட்டிப் படுத்து, மெஷின் சத்தத்திலேயே தூங்கிப்போனார்.

தீபாவளியன்று மழை விட்டிருந்தது. நானும் நாத்தனாரும் தெருவில் நின்றோம். எதிரே வந்த பிள்ளைகள் எல்லோர் மேலும் எங்கள் துணி. ஒரு மூட்டைகூட நனையவில்லை, ஒரு வீட்டுக்கும் சொன்ன நாள் தப்பவில்லை. கீழவீட்டு அண்ணாச்சியின் பேத்தி மஞ்சள் பாவாடையைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினாள். அந்த மஞ்சளை உள்ளறையில் வைத்துத் தைத்திருந்தால் அது வெள்ளையா மஞ்சளா என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் ஆடிக்கு முன்னால் தளர்ந்த நாரை மாற்றிக் கட்டினோம். முகட்டுத் தட்டையை மழைக்கு முன்பு புதிதாகப் போட்டோம். அணில் துளைத்த இடத்தில் புது ஓலை செருகினோம். கம்படியில் கரையான் மண் ஏறினால் சுரண்டிச் சாம்பல் இட்டோம். வேலை இருந்துகொண்டே இருந்தது. ஆனால் கம்புகளைத் தொட வேண்டி வரவே இல்லை.

கீழவீட்டு அண்ணாச்சி ஒருநாள் வாசலில் வந்து நின்று, அங்குமிங்கும் பேசிவிட்டு, தன் மாட்டுக்கும் இந்த மாதிரி மேற்கே தாழ்த்தி ஒரு கொட்டகை வேண்டும் என்றார். யாரை விட்டுப் போட்டீர்கள் என்று மாமனாரைத்தான் கேட்டார்.

"இவியதான் போட்டாவ. இவியகிட்டக் கேளும்," என்று மாமனார் எங்கள் இருவரையும் கைகாட்டினார்.

அண்ணாச்சி வீட்டில் ஆண்கள் சுக்கான் வரை தோண்டினார்கள். குழியின் அடியைக் கையால் தட்டிப் பார்த்துப் போதும் என்று சொன்னவள் நான். கூரை வேயும் அன்று அண்ணாச்சியும் அவர் மகன்களும் கீழே நின்று ஓலை எடுத்துக் கொடுத்தார்கள். மேலே நின்ற நாத்தனார், ஓலை சரியாகக் காயவில்லை என்று ஒன்றைத் திருப்பிப் போட்டுவிட்டு, வேறு கேட்டுக் கையை நீட்டினாள்.