ஸ்டெல்லா அக்காவும் இறுகிப்போன ஜீப் சக்கரங்களும்

துருவும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை... எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் கையை விட்டுப் போகாது. அந்த வாரம் முழுக்க நானும் ஸ்டெல்லா அக்காவும் அந்த வாடையோடுதான் சோறு சாப்பிட்டோம்.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஸ்டெல்லா என் கூடப்பிறந்த அக்கா. அவளைக் கச்சிராயபாளையம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். அவள் வீட்டுக்காரர் அந்தோணி மாமா ஜீப் ஓட்டுபவர். கல்வராயன் மலை மேலே உள்ள ஊர்களுக்கு ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிப் போவார்.

ஓடு மாற்றக் கூரை மேல் ஏறியவர் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் காலுக்குள் கம்பி வைத்தார்கள். இனி கிளட்ச் மிதிக்கும் வேலை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து மாமா வீட்டுக்குள் கட்டிலில். ஜீப் வெளியே வேப்பமரத்தடியில்... இரண்டு மழைக்காலம் அதன்மேல் பெய்து தீர்த்தது. அந்தப் பக்கத்து ஜன்னலைக்கூட மாமா திறக்கவிட மாட்டார்.

அக்கா கரும்பு வெட்டப் போக ஆரம்பித்தாள்.

ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது பழைய இரும்பு வியாபாரி ஒருவர் ஜீப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா விற்கச் சம்மதித்திருந்தார். அக்கா கையில் இருந்த வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தாள்.

"வண்டிய யாருக்கும் குடுக்கல. நான் ஓட்டப்போறேன்."

"ஒனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுடி" என்றார் மாமா உள்ளே இருந்து.

"கத்துக்கினா தெரியும்."

வியாபாரி சிரித்தார். "மொதல்ல அத்த நகத்திக் காட்டுக்கா. ஞாயித்துக்கெழம வரேன். நகரலன்னா வெட்டி எடுத்துக்கினு போறேன்."

பக்கத்துக் காட்டுக்காரரின் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள். நாலு சக்கரமும் சுற்றவே இல்லை. தரையில் ஏர் ஓட்டியது மாதிரி கோடு மட்டும் விழுந்தது. சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் ஷூவெல்லாம் துருப்பிடித்து, அதை மூடியிருக்கும் இரும்பு டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அக்கா சொல்லி அனுப்பியதும் நான் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

முதலில் சக்கரத்து நட்டு. ஸ்பேனரில் பம்ப் செட் குழாய் ஒன்றைச் செருகி, அதன் முனையில் அக்கா ஏறி நின்றாள். அசையவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் ஏறினேன். கிறீச்ச்... என்று ஒரு சத்தம். இரண்டு பேரும் கீழே விழுந்து சிரித்தோம். நட்டு திரும்பியிருந்தது!

அடுத்தது டிரம். எங்கள் கடைக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கேட்டு வந்திருந்தேன். டிரம்மிலேயே மரை போட்ட இரண்டு ஓட்டை இருக்கும், அதில் போல்ட்டைப் போட்டு மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் வெளியே தள்ளும் என்று சொன்னார்கள். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிடுவது, முறுக்குவது, தட்டுவது, மறுபடி ஊற்றுவது... இப்படியே மூன்றைக் கழற்றிவிட்டோம்.

பின்பக்கத்து இடது சக்கரம் மட்டும் வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து அக்கா துணி சுற்றியிருந்தாள். "போதும்க்கா..." என்றேன். அக்கா பெரிய சுத்தியலை எடுத்து ஓங்கினாள்.

ஜன்னல் திறந்தது.

"அடிக்காத ஸ்டெல்லா! வார்ப்பிரும்பு அது, வெடிச்சிடும்!"

கம்பை ஊன்றி மாமா வந்துகொண்டிருந்தார். அத்தனை மாதத்தில் அவர் அந்த மரத்தடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கவிழ்த்துப் போட்ட டின் மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"பின்னாடி ஷூவ அட்ஜஸ்ட் பண்ற போல்ட்டு இருக்கும் பாரு. அத்தத் திருப்பு. ஷூ உள்ள வாங்கும்."

அக்கா வண்டிக்கு அடியில் புகுந்தாள். "எந்தப் பக்கம் திருப்ப?"

"இந்தப் பக்கம்... இரு இரு, அந்தப் பக்கம்."

"ரெண்டுல ஒண்ண சொல்லுங்க! கண்ணுல துரு கொட்டுது இங்க!"

மாமா சிரித்துவிட்டார். எனக்கு ஏனோ கண் கலங்கியது.

அவர் சின்னச் சுத்தியலை வாங்கி விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். அக்கா அடியிலிருந்து வெளியே வந்து டிரம் போல்ட்டை முறுக்கினாள். திடீரென்று டப்... டிரம்மை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு அக்கா மல்லாந்து கிடந்தாள். முகமெல்லாம் செம்பழுப்புத் துரு. பல் மட்டும் வெள்ளை.

மாமா உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "நாலுக்கும் பிரேக் லைனிங் புதுசா போடணும். சிலிண்டரும் பாக்கணும்" என்றார். விற்பதைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

ஷூவை எல்லாம் எடுத்துவிட்டு, டிரம்மையும் சக்கரத்தையும் திரும்ப மாட்டி வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து தள்ளினோம். முனகிக்கொண்டே உருண்டது ஜீப். சொன்னபடி வந்திருந்த வியாபாரி சும்மா நிற்கவில்லை, அவரும் ஒரு கை கொடுத்துத் தள்ளினார். "ஓட்டுக்கா... நல்லா ஓட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காய்ந்த ஏரிக்குள் மாமா சொல்லிக் கொடுக்க அக்கா ஓட்டக் கற்றாள். லைசென்ஸும் வாங்கினாள். மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கு ஒரு பெண் ஜீப் ஓட்டி வருகிறாள் என்று முதலில் வேடிக்கை பார்த்தவர்கள், அப்புறம் அவளுக்காகக் காத்து நின்றார்கள்.

அந்த ஜீப் இப்போது இல்லை. அக்காவிடம் புது வண்டி. அதில் ஒரு லைட் எரிந்தால் ஷோரூமுக்குத்தான் ஓட வேண்டும், நாங்கள் கையால் தொட அதில் ஒன்றுமே இல்லை. ரோடும் அகலமாகிவிட்டது. எல்லாம் சுலபம்தான். ஆனால் குழாய் மேல் ஏறி நின்று விழுந்து சிரித்த அந்த இரண்டு பேரை எங்கே தேடுவது என்றுதான் தெரியவில்லை...

போன மாதம் அவர்களோடு மலைக்குப் போனேன். இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும், பக்கத்து சீட்டில் இருந்த மாமாவின் வலது கால், ஒன்றுமே இல்லாத இடத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

அக்கா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "நல்லா மிதிங்க. அப்பதான் நிக்கும்."