கன்ட்ரோலருக்குப் பின்னால் இரண்டு அறைகள்

கருவியின் உள்ளே எதை எதன் வழியாக எட்ட வேண்டும் என்று மென்பொருளுக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. நான் எழுதுவதைக் கருவியைத் தவிர வேறு யாரும் படிப்பதில்லை. இத்தகைய கோப்புகளை எழுதிக் காலம் தள்ளும் தோழர்களுக்கு இது புரியும்.

தேநீர் வேளையில்

திருப்பதியில் எங்கள் நிறுவனம் தடுப்பூசி மருந்துக்கான குளிர்பெட்டி செய்கிறது. மேல், கீழ் என இரண்டு அறைகள். அறைக்கு ஒரு வெப்பச் சென்சார். திரையை இயக்கும் பெரிய சில்லால் அவற்றை நேரடியாகக் கேட்க முடியாது. நடுவிலுள்ள சிறு கன்ட்ரோலரைக் கேட்க வேண்டும். அது பஸ் எனப்படும் தன் இரு கம்பித்தடங்களில் உரியதன் வழியாக விசாரித்துச் சொல்லும். எந்த அறைக்கு எந்த எண் பஸ் என்பதை நான் எழுதுவேன்.

புதிய சர்க்யூட் போர்டில் இரண்டு பஸ்களையும் இடம் மாற்றிவிட்டதாக, அதை வடிவமைத்த தேவராஜ் தேநீர்க் கடையில் சொன்னார். வாய்ச்சொல்லைக் கொண்டு நான் கோப்பு எழுதுவதில்லை, வரைபடம் கேட்டேன். மறுநாள் வந்த வரைபடத்தில் பழைய எண்களே இருந்தன. அவற்றையே எழுதினேன். வரைபடம் கேட்டபோது கடையில் அவர் சொன்னது இது: "நான் செத்துட்டேன்னு நானே வந்து சொன்னாலும் சர்டிபிகேட் கேப்பீங்கக்கா நீங்க."

சோதனை

இரண்டு அறைகளையும் ஒன்றாகக் குளிர்வித்துப் பார்ப்பதே எங்கள் வழக்கம். சென்சார்கள் இரண்டும் ஒரே வகை. எண் தவறினால் பிழைச் செய்தி வராது, அடுத்த அறையிலிருந்து ஒழுங்கான விடை வரும். ஓர் அறையை மட்டும் சூடாக்கிப் பார்க்கலாமே என்று தோன்றியது. சோதனைப் பட்டியலில் அது இல்லை, கேட்காமல் விட்டேன். சோதனைப் பிரிவின் பத்மா தாளை நீட்டினார்: "ரெண்டுலயும் அஞ்சு டிகிரி மேடம். அதுக்கு மேல இன்னா வேணும், கையெழுத்துப் போடுங்க."

காலி அறை

சித்தூரைத் தாண்டி, பாலசமுத்திரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து செவிலியர் கிரேஸ் ஒரு செவ்வாய்க்கிழமை அழைத்தார். மேல் அறை பதினான்கு டிகிரி காட்டி ஓயாமல் எச்சரிக்கை ஒலி எழுப்புகிறதாம். அதில் மருந்து இருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்ல மேடம், எல்லாம் கீழதான் வெச்சிக்கினு இருக்கேன். கீழ அஞ்சு காட்டுது."

காலி அறைதானே, ஒலியை நிறுத்திவிடுங்கள், வெள்ளிக்கிழமை ஆள் வரும் என்றேன். அவர் குரலில் இறுக்கம் தளர்ந்தது. "நல்லவேளை மேடம். நாளைக்குத்தான் கொழந்தைங்களுக்கு ஊசி."

வெள்ளிக்கிழமை

நானே சென்றேன். மேல் அறை சில்லென்றிருந்தது. கீழ் அறையில் விசிறி நின்றுபோய், மருந்துக் குப்பிகள் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தன. தேவராஜ் பஸ்களை மாற்றியது உண்மை. பழைய வரைபடத்தைத் தவறுதலாக அனுப்பியிருக்கிறார். மூன்று நாளுக்கு முன் ஒலித்தது கீழ் அறைக்காகத்தான்.

புதன்கிழமை ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளின் பெயர்கள் பதிவேட்டில் ஒரு முழுப் பக்கம். அந்த ஊசிகளை இனி நம்ப முடியாது. மறுபடியும் போட வேண்டும். தாய்மார்களிடம் நானே வந்து சொல்கிறேன் என்றேன். கிரேஸ் பதிவேட்டை மூடினார். "உங்கள அவங்களுக்கு யாருன்னே தெரியாது மேடம். குத்துனது நான். வூடு வூடா நான்தான் போவணும்."

இரண்டு எண்களை இடம் மாற்றிய என் திருத்தம் நிறுவனப் பதிவில் 'சிறு மாற்றம்' என்று குறிக்கப்பட்டிருக்கிறது; விதிப்படி அதுவும் சரியே.