மிஸ்டர் முனியன் எந்தத் தெரு?

இந்த நாட்டில் என்னை யாரும் என் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பல்கலைக்கழக ஆபீசில் கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அம்மாள் "மிஸ்டர் முனியன்!" என்று குரல் கொடுப்பாள். வந்த புதிதில் நான் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்ப்பேன், நைனா வந்து நிற்கிறாரோ என்று. ஆரணியில் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிற என் தகப்பன் அமெரிக்காவில் அந்த வரிசையில் எனக்குப் பின்னால் எதற்கு வந்து நிற்கப்போகிறார்? என் பெயர் பழனி. பாஸ்போர்ட்டில் அதற்குப் பின்னால் முனியன் என்று அப்பா பெயர் இருக்கிறது. இவர்களுக்குக் கடைசியில் வருவதுதான் பெயர். ஒரு நாள் அந்த அம்மாளிடம், "அது என் அப்பா பெயர்" என்று விளக்கிப் பார்த்தேன். "என் பெயரும் என் அப்பாவுடையதுதான், எவ்வளவு பெருமை இல்லையா?" என்று சிரித்தாள். பெருமைதான் என்று சொல்லிவிட்டு வந்தேன், வேறென்ன சொல்ல?

ஊரில் நைனாவை யாரும் மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டதில்லை. மில் முதலாளி வீட்டுப் பொடிப்பயல்கூட "டேய் முனியா" என்றுதான் கூப்பிடுவான். "தோ வந்துட்டேன் சாமி" என்று நைனா மூட்டையைப் போட்டுவிட்டு ஓடுவார். சாமி! டவுசர் பொத்தான் போடத் தெரியாத சாமி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்து கத்துவேன். "உனக்கு இன்னாடா பேஜாரு? கூப்பிட்டவன் வாயா நோவுது?" என்று கேட்டுவிட்டு நைனா குளிக்கப் போய்விடுவார்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். கம்ப்யூட்டர் என்றதும் சினிமாவில் வருகிற பல்பு எரியும் பீரோவை நினைக்காதீர்கள். இங்கே ஒரு ஹாலில் டிவிப் பெட்டி மாதிரி டெர்மினல்கள் வரிசையாக இருக்கும், முன்னால் டைப்ரைட்டர் போல ஒரு கீபோர்டு. நாம் தட்டுவது திரையில் பச்சை எழுத்தாக வரும். மாணவர்களுக்கென்று அதில் டிஸ்கஷன் குரூப் என்று ஒன்று உண்டு. இங்கே ஒருவன் ஒன்றை எழுதிவைத்தால், வேறு பல்கலைக்கழகங்களில் இருக்கிறவர்கள் மறுநாள் அதைப் படித்துப் பதில் எழுதுவார்கள். அதற்கு இன்னொருவன் பதில் எழுதுவான். யாரும் யாரையும் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் சண்டை மட்டும் பிரமாதமாக நடக்கும். இந்திய மாணவர்களுக்கென்று அப்படி ஒரு குரூப் இருந்தது.

அதில் என்னைச் சேர்த்துவிட்டவன் டேவ். அந்த ஹாலைப் பார்த்துக்கொள்ளும் தாடிக்காரன், நல்ல மனுஷன். பாஸ்வேர்டு போடுவது எப்படி, யாருக்குப் பதில் எழுதுகிறோமோ அவர் சொன்னதை மேலே காட்டுவது எப்படி என்றெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். கடைசியில் சொன்னான்: "சேர்ந்த உடனே எழுதிவிடாதே. கொஞ்ச நாள் சும்மா படி. யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று வெளியே நின்று கவனி. அப்புறம் உள்ளே போ. புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் கஷ்டம்."

"எனக்குக் கஷ்டமில்லை, சின்ன வயதிலிருந்தே பழக்கம்தான்" என்றேன்.

"கூச்ச சுபாவமா? கவலைப்படாதே, இங்கே யாருக்கும் உன் முகம் தெரியாது" என்று தோளில் தட்டினான்.

கூச்சமாம்! ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை உண்டு. உள்ளே இரண்டு பெஞ்சு. காலையில் யாராவது ஒருவர் பேப்பரை உரக்கப் படிப்பார், மற்றவர்கள் விவாதம் செய்வார்கள். எமர்ஜென்சி, எலெக்‌ஷன், கூப்பன் அரிசி, பட்டு நூல் விலை, எதையும் விடமாட்டார்கள். காலனிக்காரர்களுக்கு பெஞ்சு கிடையாது. எங்கள் கிளாஸ் வெளியே கூரை எரவாணத்தில் செருகியிருக்கும். நாமே எடுத்து நீட்ட வேண்டும், கடைக்காரர் மேலேயிருந்து ஊற்றுவார், குடித்துவிட்டு நாமே கழுவித் திரும்பச் செருக வேண்டும். நைனாவோடு போய் நான் அங்கே நின்றுகொண்டே அரசியல் கற்றேன். பி.யூ.சி. படிக்கும்போது ஒருநாள் வாய் சும்மா இருக்கவில்லை. அவர்கள் பேசிக்கொண்டிருந்த ஏதோ ஒரு விஷயத்துக்கு வெளியிலிருந்தே பதில் சொல்லிவிட்டேன். யாரும் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. பெஞ்சே திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு பேப்பரை மடித்துவைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நைனா என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார். "நின்னுகினு கேளு, போதும். பேசறது உக்காந்துகினு இருக்கறவனுக்கு" என்றார்.

ஆக, வெளியே நின்று கவனிப்பதில் நான் பழுத்த ஆள். பல வாரங்கள் படித்துக்கொண்டே இருந்தேன். ஏர் டிக்கெட் எங்கே சல்லிசு, மசாலா எங்கே கிடைக்கும் என்று போய்க்கொண்டிருந்த குரூப்பில் ஒருநாள் இட ஒதுக்கீட்டைப் பற்றிச் சண்டை வந்தது. "சாதியெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது? நான் கண்ணால் பார்த்ததே இல்லை" என்று ஒருவன் எழுதினான். ஆமாம் ஆமாம் என்று பத்துப் பேர் தலையாட்டினார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்த டீக்கடையை எழுதினேன். பெஞ்சு, எரவாணம், கிளாஸ், எல்லாம். "நான்" என்று மட்டும் எங்கேயும் எழுதவில்லை. ஆரணி என்ற ஊரில் இப்படி ஒரு கடை இருக்கிறது, அவ்வளவுதான்.

மறுநாள் போய்ப் பார்த்தால் பதில் மேல் பதில். மேலே என் பெயராக அந்த மெஷின் போட்டது முனியன் என்று. "மிஸ்டர் முனியன் அருமையாகக் கவனித்திருக்கிறார்." "முனியன் அவர்கள் சொல்வதை யோசிக்க வேண்டும்." "முனியன், நீங்கள் சமூகவியல் மாணவரா?" நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். கையெழுத்து போடத் தெரியாத மனுஷன், அவர் பெயரைச் சொல்லி அத்தனை படித்தவர்களும் அவர்கள், இவர்கள் என்று மரியாதையாகப் பேசுகிறார்கள். இனி இந்த இடம் எனக்கு வேண்டும், எதற்காகவும் விடக்கூடாது என்று அப்போது தோன்றியது.

அடுத்த நாள் இன்னொரு பதில் வந்தது, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். கஜேந்திரன் என்பவர், வேறு மாநிலத்தில் படிக்கிறவர். "அட மிஸ்டர் முனியன், நம்ம ஊருங்களா நீங்க! அந்தக் கடை எனக்கு நல்லாத் தெரியுமே. எங்க வூடு அதுக்குப் பின்னாடிதான், பட்டு வியாபாரம். இங்க வந்து ஆரணிக்காரரு ஒருத்தரப் பாப்பேன்னு நெனைக்கவே இல்லீங்க. நீங்க எந்தத் தெரு?" கடைசி வரி வரைக்கும் எனக்கு ஒரே ஆனந்தம். நம்ம பக்கம் நேராகச் சாதி கேட்க மாட்டார்கள், நாகரிகம். தெருவைக் கேட்பார்கள். தெரு தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும். அந்த மனிதர் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார், அதுவும் எனக்குத் தெரியும். ஊரில் மூச்சு விடுவதுபோல அதைக் கேட்போம். ஆனால் குரூப் முழுக்கப் பார்க்கக் கேட்டுவிட்டாரே.

என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்த சேகர் மெட்ராஸ்காரன். முனியன் என்பது குலதெய்வம் பெயராக்கும் என்று தானாகவே முடிவு செய்துகொண்டு, என்னோடு ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவான். அவனும் அந்த குரூப்பைப் படிக்கிறவன். "ஊர்க்காரரு ஆசையா கேக்கறாரு, தெரு பேரச் சொல்லேன்டா, இன்னாத்துக்கு யோசிச்சிகினு இருக்க?" என்றான். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். என் முகத்தையே பார்த்தான். பிறகு, "அட, ஏதாவது ஒரு தெருவப் போட்டுடு. யாரு வந்து பாக்கப்போறா" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். புரிந்துகொண்டான்.

மத்தியானம் முழுக்க டேவிடம் போய்ப் புலம்பினேன். "எந்தத் தெரு என்றுதானே கேட்கிறார்? நீ தனியாக இருப்பாய் என்று நட்பாக விசாரிக்கிறார். ஏன் பயப்படுகிறாய்?" என்றான். தெருவுக்கும் பயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்கு எந்த ஜென்மத்தில் புரியும்? ஒரு தெருப் பெயரைத் தட்டியும் பார்த்தேன். பொய் சொல்வது ரொம்பச் சுலபமாக இருந்தது. ஆனால் அந்தப் பொய்க்கு மேலே முனியன் என்று நைனா பெயர் நின்றது. அதை அழித்துவிட்டு எழுதினேன்: "எங்களுக்குத் தெரு கிடையாது. ஊரைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, காலனி. அந்தக் கடைக்கு வெளியே நின்றவன் நான். மேலே நீங்கள் பார்க்கும் பெயர் என் அப்பாவுடையது. உங்கள் வீட்டுக்கும் அவர் அரிசி மூட்டை இறக்கியிருக்கலாம்."

ஒரு பதில்கூட வரவில்லை. கஜேந்திரன் அதன் பிறகு அந்த குரூப்பில் எனக்கு எழுதவே இல்லை. நான்கைந்து நாள் கழித்து யாரோ ஒருவர், சொந்த விஷயங்களைப் பொது இடத்தில் எழுதுவதைத் தவிர்க்கலாமே என்று பொதுவாக எழுதினார். அப்புறம் மறுபடியும் ஏர் டிக்கெட், மசாலா. பேப்பரை மடித்துவைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

சேகர் சண்டை போடவில்லை. அந்த வாரக் கடைசியில் கட்டுக் கட்டாகப் பேப்பர் கப்பும் பேப்பர் தட்டும் வாங்கிவந்தான். "கழுவற வேல மிச்சம்டா" என்றான். அவனுடைய எவர்சில்வர் டம்ளர் அலமாரியில் துணிகளுக்கு நடுவே போயிருந்தது. வீட்டுக்கு வந்த டேவ் பேப்பர் கப்பில் காபி குடித்துவிட்டு, நல்ல யோசனை என்று பாராட்டினான். நான் அந்த மாதமே தனி அறை பார்த்துக்கொண்டு போய்விட்டேன். ஏழு கடல் தாண்டியும் எரவாணம் கூடவே வந்துவிட்டதே என்று நினைத்து நினைத்து வயிறெரிந்தேன்.

குரூப்பை மட்டும் விடவில்லை. எழுதிக்கொண்டே இருக்கிறேன். முன்பு போல யாரும் பாராட்டுவதில்லை. எப்போதாவது, பெயர் சொல்லாமல் யாராவது ஒருவர், நானும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் என்று எனக்குத் தனியாக எழுதுவதுண்டு.

போன கோடையில் ஊருக்குப் போனேன். ஒருநாள் காலையில் நைனாவோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துகொண்டே இதையெல்லாம் சொன்னேன். கம்ப்யூட்டர் அவருக்குப் பிடிபடவில்லை. மிஸ்டர் முனியன் மட்டும் பிடித்துப்போனது. "பட்டுக்கடக்காரங்க வூட்டுப் புள்ளகூடவா அப்டி கூப்ட்டான்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவன் அப்புறம் பேசாமல் போனதை நான் சொல்லவில்லை. கொஞ்சதூரம் போனதும் நின்றார்.

"நீ அதெல்லாம் நின்னுகினு எழுதனியா, உக்காந்துகினு எழுதனியா?"

"உக்காந்துகினுதான் நைனா. சக்கரம் வெச்ச நாற்காலி."

"அப்ப சரி" என்றார்.

டீக்கடையில் பழைய கடைக்காரரின் மகன் கல்லாவில் இருந்தான், என்னைவிடச் சின்னவன். என் பேன்ட்டையும் ஷூவையும் பார்த்துவிட்டு எழுந்தே நின்றான். "அமெரிக்காவுலேந்து வந்துகிறீங்களாமே, உள்ள வாங்க சார், பெஞ்சுல உக்காருங்க." நைனா ரோட்டில் வழக்கமான இடத்தில் நின்றுகொண்டார். போய் உட்கார் என்று எனக்குக் கண் காட்டினார். நான் வாசற்படியில் ஒரு காலை வைத்தேன், அதற்கு மேல் போக முடியவில்லை.

கடைக்காரன் எனக்கொரு டீ போட்டு பெஞ்சில் வைத்துவிட்டு, இன்னொரு டீயை ஆற்றிக்கொண்டே வெளியே பார்த்துக் கத்தினான். "டேய் முனியா!"

நாங்கள் இருவருமே திரும்பினோம்.