அறுவை அண்ணனின் மகள்

முழங்கை வரை சோப்பு நுரை. கறிக்கடையை அடைத்ததும் அறுவை அண்ணன் பின்பக்கக் குழாயடியில் நின்று நகக்கண் விடாமல் தேய்த்துக் கழுவி, சட்டையையும் மாற்றிய பிறகுதான் வீட்டுச் சமையலறைக்குள் காலடி வைப்பார். கையில் ஒட்டியிருக்கும் வாசனையால் மகளுக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டரே சொல்லியாகிவிட்டது. "அவளுக்கு ஒண்ணும் ஆகாதுதான் டாக்டர். எனக்கில்ல மனசு கேக்க மாட்டேங்குது!"

எங்கள் தெருமுனையில் கறிக்கடை வைத்திருக்கும் இவரை எல்லோரும் அறுவை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். தொழிலும் அறுவை, மகளைப் பற்றி வாய் திறந்தால் பேச்சும் அறுவை. தொடை எலும்பை ஒரே வெட்டில் இரண்டாக்குகிற மனிதருக்கு அந்தக் கதையைச் சுருக்க மட்டும் தெரியாது.

மகள் பிறந்த சில நாட்களிலேயே குதிகாலில் குத்தி எடுத்த ரத்தம் சேதி சொல்லிவிட்டது. டாக்டர் விளக்கியதைத் தன் பாஷைக்கு மாற்றி வாடிக்கையாளர்களுக்குச் சொல்வார்: "நான் இங்க வெட்டுறேன்ல, அதே வேலையத்தான் வயிறும் குடலும் செய்யுது. கறி, பருப்பு, பாலு, எதுல இருக்கிற புரதமா இருந்தாலும் பொடிப்பொடியா வெட்டிரும். வெட்டி முடிச்சா அமினோ அமிலம். உடம்பு அதை எடுத்து மறுபடி கோத்து சதை, தோலு, முடின்னு கட்டிக்கும். மிஞ்சினதை ஈரல் வேற ஒண்ணா மாத்திரும். எம்பொண்ணு ஈரலுக்கு அதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் வசப்படாது. ஃபினைல்அலனின்!" அந்தப் பெயரை நாக்கு இடறாமல் சொல்லி முடித்து, எதிரே நிற்பவர் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வார். "அது ரத்தத்துல தேங்கினா மூளையக் கெடுத்துரும். தேங்க விடுவேனா?"

விடவில்லை. கறிக்கடைக்காரர் மகளுக்குக் கறி கிடையாது. முட்டையும் பாலும் பருப்பும் கிடையாது. காய், பழம், புரதம் குறைத்த மாவில் சுட்ட ரொட்டி. வளர்கிற உடம்புக்கு வேண்டிய மற்ற அமினோ அமிலங்களுக்கு, தண்ணீரில் கரைத்துக் குடிக்க ஒரு மருந்துப் பொடி.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு கல்யாண விருந்தில், இவருடைய அண்ணன் பாசம் மிகுந்து ஒரு துண்டுக் கறியை அவள் வாயில் ஊட்டிவிட்டார். "ஊருக்கெல்லாம் கறி போடுறவன் பெத்த புள்ள, ஒரு வாய் தின்னா குடியா முழுகிரும்?" இவர் பந்தியைத் தாண்டி ஓடி வருவதற்குள் அவளே அதை வெளியே எடுத்து, பெரியப்பாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டாள். "வேணாம் பெரியப்பா. இது எனக்குச் சரியா உடையாது." பெரியப்பா அன்றைக்குச் சாப்பிடாமலே எழுந்துவிட்டாராம். இதைச் சொல்லும்போது அறுவை அண்ணனின் கத்தி தானாக வேகம் பிடிக்கும்.

பிறகு ஒரு கஷ்ட காலம் வந்தது. உயர்நிலைப் பள்ளிக்குப் போனவள், பொடியின் நாற்றத்தைத் தோழிகள் கேலி செய்தார்கள் என்று அதைத் திருட்டுத்தனமாகத் தொட்டியில் கொட்ட ஆரம்பித்தாள். பசிக்குக் கண்டதைத் தின்றாள். படித்தது மனதில் நிற்கவில்லை, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று குட்டு வெளிப்பட்டது. அம்மா அழுதார். இவர் திட்டவில்லை. ஒரு குவளை பொடியைக் கரைத்து, மகள் எதிரில் நின்றபடியே பாதியை மடக்கென்று குடித்தார். ஆட்டுக் குடலை முகம் சுளிக்காமல் அலசுகிற மனிதருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு, மூச்சு வாங்கிவிட்டது.

"இதையாம்மா இத்தன வருஷமா குடிச்ச?"

அவள் சிரித்துவிட்டாளாம். சிரித்தபடியே அழுதாளாம். "நீங்க விடுங்கப்பா, நான் குடிக்கிறேன்" என்று மிச்சத்தை வாங்கிக் குடித்தாள். அதற்குப் பிறகு ரத்தம் சொன்ன பேச்சைக் கேட்டது.

சென்ற மாதம் பள்ளிகளுக்கிடையிலான நீச்சல் போட்டி. எனக்குப் பக்கத்தில், மடிப்புக் கலையாத புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை. கடைசிச் சுற்றில் மகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு முன்னால் வந்து சுவரைத் தொட்டபோது, நாற்காலி பின்னால் சாய எழுந்து நின்றுவிட்டார்.

முன்வரிசையிலிருந்த, அவரை முகம் தெரிந்த ஒருவர் திரும்பினார். "உங்க பொண்ணா சார்? என்னா தோளு! கறிக்கடை வச்சிருக்கீங்கல்ல, தினமும் கறியாப் போட்டு வளத்தீங்களோ?"

ஃபினைல்அலனினில் ஆரம்பிக்கப் போகிறார் என்று நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அறுவை அண்ணனோ, ஈரம் சொட்டச் சொட்ட மேடையேறும் மகளைப் பார்த்தபடியே, இரண்டு விரலால் சட்டைக் காலரை மெல்லத் தூக்கிவிட்டுக்கொண்டார்.