புதன்கிழமைப் பட்டினி

எங்கள் விதை கம்பெனியில் ஒருவரை மேலே கொண்டுபோக நினைத்தால் முதலில் அவரைப் பேசிப் பேசித் தயார்ப்படுத்த ஒரு கோச்சைப் பிடித்துக் கொடுப்பார்கள். செஞ்சிக் கிளைக்கு மேனேஜரான எனக்கும் ஒருவர் வந்து சேர்ந்தார். பெங்களூரிலிருந்து வீடியோவில், புதன்கிழமைதோறும், மாலை ஐந்தரைக்கு. என்னை நானே அறிந்துகொள்ள அவர் உதவுவாராம். அறிந்துகொண்ட பிறகு சென்னைத் தலைமை அலுவலகத்தில் எனக்கு ஒரு பெரிய பதவி காத்திருந்தது. எனக்கு அது வேண்டாம். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல்தான் அத்தனை மாதமும் தவித்தேன்.

ஏன் வேண்டாம் என்றால், பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எனக்கு இந்த வேலை பிடிக்கும். மணிலா என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை விதை முளைக்கவில்லை என்று அவலூர்பேட்டையிலிருந்து ஒருவர் சண்டைக்கு வருவார். அவரோடு மல்லுக்கட்டி, வண்டி எடுத்துக்கொண்டு அவர் நிலத்துக்கே போய், மண்ணைத் தோண்டி ஈரம் பார்த்து, கடைசியில் அவர் வீட்டு மோரைக் குடித்துவிட்டு வருவேன். சென்னையில் அதே மனிதர் கம்ப்யூட்டரில் ஒரு புகார் எண்ணாக வருவார். அவரோடு என்ன சண்டை போடுவது?

இதைக் கோச்சிடம் சொல்லிப் பார்த்தேன்.

"இது உங்க கம்ஃபர்ட் ஸோன். இதைத் தாண்டி வான்னு உள்ளுக்குள்ள ஒரு குரல் கூப்பிடுதா?" என்றார்.

எனக்குக் கேட்டதெல்லாம் வயிற்றின் குரல்தான். நாங்கள் மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டோம். கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் பொழுது விழுந்துவிடும். கோச் பேசி முடிக்க ஏழாகும். முன்கூட்டியே சாப்பிட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால் நாலரைக்கு மேல்தான் லாரி வரும், விதைக் கடைக்காரர்கள் வருவார்கள், ஆளாளுக்குப் பிடுங்குவார்கள். ஆக, புதன்கிழமை என்றால் பட்டினி.

"நேரத்த மாத்துங்கன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா?" என்பார் என் கணவர்.

"எப்படிங்க சொல்றது? இதுக்கு எதுக்கு இவ்ளோ நாள் தயங்கினீங்கன்னு ஆரம்பிச்சிடுவாரு."

"பசிக்குதுன்னாகூடவா?"

பசிக்கிறது என்றாலும் கேட்பார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தியதே இல்லை. ஒரு யோசனையும் சொல்ல மாட்டார், கேள்வி மட்டும்தான் கேட்பார். நான் எதைச் சொன்னாலும் அது சென்னைக்குப் போகும் பஸ்ஸில் ஏறிக்கொண்டது. இங்கேயே நன்றாக இருக்கிறேன் என்றால், தன்னடக்கம். யோசிக்க வேண்டும் என்றால், பொறுப்புணர்வு. பசி மயக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தால், "எவ்வளவு பொறுமையா கேக்குறீங்க" என்பார். ஒருநாள் என் ஜன்னல் வழியே ராஜகிரிக் கோட்டை மலை அவருக்கும் தெரிந்தது. "ஒரு கோட்டைக்குள்ளேயே இருந்துட்டோமேன்னு தோணுதா?" என்றார். பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் நான் அந்த மலையைப் பார்ப்பதே, இன்னும் வெயில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான்.

கடைசி வாரம் சென்னையிலிருந்து எங்கள் கம்பெனி டைரக்டரும் வீடியோவில் சேர்ந்துகொண்டார். "அப்புறம் மேடம், ரெடியா?" என்றார். மலை மேல் கொஞ்சம் வெயில் மிச்சம் இருந்தது. எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, டிபன் பாக்ஸை எடுத்துக் கேமராவுக்கு முன்னாலேயே திறந்துவிட்டேன்.

"தப்பா நினைக்காதீங்க சார். பொழுது போறதுக்குள்ள நான் சாப்பிடணும். எங்க வீட்டு வழக்கம்."

இட்லியும் மிளகாய்ப்பொடியும். இரண்டு பெரிய மனிதர்கள் பார்த்துக்கொண்டிருக்க, சாப்பிட்டேன். அவசரப்படவில்லை. தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்.

"எனக்கு சென்னை வேணாம் சார். நான் இங்கேயே இருந்துக்கிறேன்."

கோச்சுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தத் தெளிவுக்குத்தான் இவ்வளவு நாளா காத்திருந்தேன்" என்றார்.

டைரக்டர் சிரித்தார். "ஆரம்பத்துல இவங்க வாயே திறக்க மாட்டாங்க. இப்போ பாருங்க. இப்படி முகத்துக்கு நேரா பேசுற ஆள்தான் எங்களுக்கு அங்க வேணும்."

"இல்ல சார், நான் நிஜமாவே சொல்றேன். வேணாம்."

"அதேதான் மேடம், அதேதான்" என்றார்.

வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அந்த வேலைக்கு நான் இன்னும் இன்னும் பொருத்தமாகிக்கொண்டே போனேன். அழுகை முட்டியது. அழுதால் அதற்கும் ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடுவார்களே என்று பயந்து அடக்கிக்கொண்டேன். இருவரும் மாறி மாறி வாழ்த்தினார்கள். நான் நன்றி என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"எப்போ வந்து சேர்றீங்கன்னு கேட்டாங்க."