டிரைவருக்குப் புது பேண்ட் தைக்காத கதை

எங்கள் தையல் கடைக்கு எதிர் மாடியில் பஸ் டிரைவர் குடியிருக்கிறார். ஓய்வு பெற்று வருஷங்கள் ஆயிற்று, ஆனாலும் தெருவுக்கு அவர் டிரைவர்தான். ஒரு காலத்தில் ஸ்டியரிங் வயிற்றில் இடிக்கும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்ட மனிதர், மனைவி இறந்துபோன மறுவருஷம் பேண்டைத் தூக்கிக்கொண்டு வந்து, தொளதொளத்துப் போன இடுப்பைப் பிடித்துத் தரச் சொன்னார்.

தைப்பது என் மகன். நான் பட்டன் வைப்பேன், ஹூக் வைப்பேன், வருகிறவர்கள் வாயைக் கிளறுவேன். மகன் பின் தையலைப் பிரித்து, மிச்சத் துணியை வெட்டாமல் உள்ளே மடித்து, பிடித்துக் கொடுத்தான். சில மாதத்தில் மறுபடி வந்தார். மறுபடி பிடித்தான். அடுத்த தடவை மேசையில் விரித்துப் பார்த்தவன் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டான்.

“அண்ணே, இதுக்கு மேல பிடிச்சா பின்பாக்கெட் ரெண்டும் ஒட்டிக்கும்.”

“ஒட்டட்டும்பா. ரெண்டுலயும் போட என்கிட்ட என்ன இருக்கு?”

“புதுசா தச்சுக்குங்க. இப்ப இருக்கிற இடுப்புக்கு அளவு எடுத்துடறேன்.”

டேப்பை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். “இந்த இடுப்புக்குப் புதுசு தைக்கக் கூடாது.”

“ஏம்மா, தேடி வர்ற வேலைய…”

“நீ சும்மா இரு” என்று மகனை அடக்கிவிட்டு டிரைவர் பக்கம் திரும்பினேன். “தம்பி, டாக்டர்கிட்ட போனியா?”

போயிருக்கிறார். சர்க்கரை இல்லை, ரத்தத்தில் கோளாறு இல்லை, நெஞ்சுப் படமும் தெளிவு. சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்களாம். குடித்தும் பசி வரவில்லை, தூக்கமும் வரவில்லை.

“நேத்து யார்கூட பேசின?”

யோசித்தார். “கேஸ் சிலிண்டர் கொண்டு வந்த ஆளுகூட.” அப்புறம், “இல்ல, அது முந்தாநேத்து” என்றார்.

குரல் கரகரத்தது. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த கதவைத் திறந்தால் முனகுமே, அந்த மாதிரி.

மெல்ல மெல்லத்தான் மற்றதெல்லாம் வந்தது. சமைப்பாராம். அடுப்புப் பக்கத்திலேயே நின்று, பாத்திரத்திலிருந்தே இரண்டு வாய் போட்டுக்கொள்வாராம். அதோடு சரி. வண்டி ஓட்டிய காலத்தில், கண்டக்டர் டிக்கெட் பையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்காரும்வரை இவர் டப்பாவைத் திறந்ததே இல்லை. வீட்டில் என்றால் மனைவி வந்து உட்கார வேண்டும்.

“பின்னாலேருந்து விசில் வராம வண்டி எடுத்துப் பழக்கமில்லம்மா எனக்கு” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆள் கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கிறான், நாங்களோ அதற்கேற்றபடி அழகாகத் தையல் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

“நாளைலேருந்து மத்தியானம் டப்பாவோட இங்க வா.”

“உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்?”

“உன் சாப்பாட்டைத்தானே கொண்டுவரச் சொன்னேன். எங்க சாப்பாட்டையா உனக்குக் குடுக்கறேன்னேன்?”

வந்தார். ஸ்டூல் நுனியில் உட்கார்ந்தார், டப்பா மடியிலேயே இருந்தது. மகன் கத்தரிக்கோலால் மேசையைத் தட்டி, “போலாம் ரைட்” என்றான். டிரைவர் அவனைப் பார்த்தார். பிறகு மூடியைத் திறந்தார்.

ஒரு வாரம் நன்றாகப் போயிற்று. அப்புறம் ஆளைக் காணோம். நான் தெருவில் இறங்கி நின்று கூப்பிட்டேன். ஜன்னலில் தலை தெரிந்தது.

“தினம் வந்து உட்காந்தா உங்களுக்குப் பாரமா இருக்காதாம்மா? நீங்க சாப்பிடுங்க.”

“டிரைவர் ஏறாம பஸ் எப்படிடா கிளம்பும்? நாங்க ரெண்டு பேரும் டப்பாவைத் திறக்காம உட்காந்திருக்கோம். இறங்கி வா.”

அக்கம்பக்கம் முழுக்க வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும். அவர் இறங்கி வந்தார்.

இப்போது காலையிலேயே வந்துவிடுகிறார். எனக்கு ஊசியில் நூல் கோத்துத் தருகிறார். எந்த ஊருக்கு எந்த வழியில் போகலாம் என்று வாடிக்கையாளர்களிடம் சண்டை பிடிக்கிறார். தொண்டை நன்றாகத் திறந்துகொண்டது, மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது. தூக்கம் மட்டும் இன்னும் அரைகுறைதான்.

போன வாரம் டப்பாவை மூடிவிட்டு எழுந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெளிந்தார்.

“தம்பி, துணி சுருங்கிடுச்சு போல. பிடிக்குது.”

மகன் என்னைப் பார்த்தான். நான் பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவர் கொண்டுவந்த பேண்டை வாங்கி, தையலைப் பிரித்தான். உள்ளே மடிந்திருந்த துணி வெளுக்காமல் வாங்கிய அன்றைய நிறத்திலேயே இருந்தது.

“எவ்வளவுண்ணே விடணும்?”

“ஒரு விரல் விடுப்பா, போதும்.”

“ரெண்டு விரல் விடுடா” என்றேன் நான்.