வீட்டைப் பார்க்காமல் விலை சொல்லாத சுதா

“எவ்வளவு ஆகும்னு மட்டும் சொல்லுங்க” என்றுதான் இனியா முதலில் கேட்டாள்.

“தெரியாதே” என்றது மறுமுனைக் குரல்.

இனியா கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து எண்ணைப் பார்த்தாள். கூட வேலை செய்யும் அனிதா கொடுத்த எண்தான். சுதா, வீடு மாற்றித் தருபவர் என்றுதான் எழுதியும் வைத்திருந்தாள்.

“மூணு ரூம் வீடுங்க. பூன் லேயிலேர்ந்து செங்காங் போறோம். மத்தவங்கல்லாம் போன்லயே சொன்னாங்க.”

“சொல்வாங்க. வீட்டைப் பாக்காம ஒரு விலை சொல்றவங்க, பாத்துட்டு இன்னொரு விலை சொல்வாங்க. உங்களுக்கு எவ்வளவு சொன்னாங்க?”

“நானூத்தி எம்பது. இன்னிக்குக் காலையில ஆயிரத்து நூத்தி அம்பதுன்னு மெசேஜ் வந்திருக்கு.”

“டெபாசிட் கட்டிட்டீங்களா?”

“நூத்தி அம்பது.”

“சரி, அது போச்சு. அதுக்காக மிச்சத்தையும் கொடுத்துடாதீங்க. லிப்ட் உங்க மாடியில நிக்குமா?”

“நிக்காது. நாங்க மூணாவது. நாலுல நிக்கும், அங்கேர்ந்து வீட்டுக்கு ஒரு மாடி இறங்கணும்.”

“என்னிக்கு மாறணும்?”

“ஞாயித்துக்கிழமை. அம்மா நாள் பாத்திருக்காங்க. செவ்வாய்க்கிழமை காலையில பத்து மணிக்குப் பழைய வீட்டுச் சாவியக் கொடுத்தாகணும்.”

“ஞாயிறா? அன்னிக்கு சைனீஸ்காரங்களுக்கும் நல்ல நாள் லா. ஊர்ல இருக்கிற லாரி பூராவும் அன்னிக்குத்தான் ஓடும்.” தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, “அம்மா சாயங்காலம் வீட்ல இருப்பாங்களா? அவங்ககிட்டதான் பேசணும்.”

“இன்னிக்கேவா?”

“இன்னிக்கு புதன். செவ்வாய்க்கு எத்தன நாள் இருக்குன்னு எண்ணிப் பாருங்க” என்று சொல்லிவிட்டு சுதா வைத்துவிட்டாள்.

இனியா தான் வேலை செய்யும் பல் மருத்துவர் மருந்தகத்தின் பின்புற மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அவளுக்குச் சண்டை போட வராது. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுகிற ரகம். காலையில் அந்தச் செய்தியைப் பார்த்ததும் ‘சரி’ என்று தட்டச்சு செய்து, அனுப்பப்போன விரலை நிறுத்தியது ஒரே ஒரு கணக்குத்தான். புது வீட்டுச் செலவெல்லாம் போக அவர்கள் கையில் மிஞ்சியிருந்தது எண்ணூறு வெள்ளி. ஆயிரத்து நூற்றைம்பதை எங்கிருந்து கொடுப்பது? கொடுக்காவிட்டால் செவ்வாய் காலைக்குள் வீடு காலியாகாது. காலி செய்யாத வீட்டின் சாவியை யார் வாங்கிக்கொள்வார்கள்?

விலை எப்படி ஏறியது என்பது அவளுக்குத் தெரியும். அதை அம்மாவிடம் சொல்லத்தான் மனம் வரவில்லை. அந்த முதல் நிறுவனத்திலிருந்து அழைத்தபோது அவள் வேலையில் இருந்தாள். அம்மா பேசியிருக்கிறாள். “வீட்ல என்னென்ன இருக்கு ஆன்டி?” என்று அந்த நிறுவனத்து ஆள் கேட்டிருக்கிறான். அம்மாவும், “என்ன தம்பி பெருசா இருக்கு? ஒரு கட்டில், ஒரு அலமாரி, நாலு பாத்திரம். நாங்க ரெண்டே பேருதானே” என்று சொல்லியிருக்கிறாள்.

அம்மா பொய் சொல்லவில்லை. முன்பின் தெரியாதவனிடம் வீட்டில் இருப்பதையெல்லாம் வரிசையாக ஒப்பிக்க எந்த அம்மாவுக்கு வாய் வரும்? கண் பட்டுவிடாதா? ஆனால் அந்த நிறுவனத்துக்கு அது போதுமாக இருந்தது. ஆங்கிலத்தில் வந்த படிவத்தின் கடைசி வரியில், வாடிக்கையாளர் சொன்ன பொருள்களுக்கு மட்டுமே இந்த விலை என்று பொடி எழுத்தில் இருந்தது. இனியா அதைப் படித்தாள். படித்துவிட்டு, நாலு பாத்திரம் என்று அம்மா சொல்லியிருப்பது தெரியாமல் கையெழுத்தும் போட்டாள். அட்டைப்பெட்டி கொடுக்க வந்த ஆள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். மறுநாள் காலையில் செய்தி வந்தது. கூடுதல் பொருள்களுக்கு இவ்வளவு, படிக்கட்டுக்கு இவ்வளவு, அலமாரியைக் கழற்ற இவ்வளவு, திரும்பப் பூட்ட தனியாக இவ்வளவு, ஞாயிற்றுக்கிழமைக்கு இவ்வளவு.

சுதா ஆறரை மணிக்கு வந்தாள். நாற்பத்து மூன்று வயது இருக்கும். குட்டையான உருவம், ஆண்கள் போடுவது போன்ற பெரிய கைக்கடிகாரம், தோளில் ஒரு துணிப்பை. பையிலிருந்து அளவு நாடாவையும் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தையும் எடுத்தாள். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, “அம்மா, புது வீட்டுக்கு எதெல்லாம் வேணாம்னு நெனைக்கிறீங்க?” என்று கேட்டாள்.

அம்மாவின் முகம் தெளிந்தது. வேண்டாததைப் பற்றிப் பேச என்ன தயக்கம்? “இந்த சோபா வேணாம். ஸ்பிரிங் வெளிய வந்துடுச்சு. அந்த ரூம்ல ஒரு மெத்தை, வா காட்டுறேன்” என்று எழுந்தாள். மெத்தையைக் காட்டப் போனவள் கட்டிலுக்கு அடியில் இருந்த வெண்கலப் பானைகளைக் காட்டி, இது வேண்டும் என்றாள். பழைய துணியைக் காட்ட இரண்டு பீரோவையும் திறந்தாள். சாமான் அறையில் கிடந்த உடைந்த விசிறியைக் காட்டும்போது, அதற்குப் பின்னால் மூன்று இரும்பு அடுக்கு நிறைய எவர்சில்வர் இருந்ததும், கிரைண்டர் இருந்ததும் தெரிந்தன. சுதா எதற்கும் வியக்கவில்லை. எழுதிக்கொண்டே போனாள். ‘உங்களிடம் என்ன இருக்கிறது’ என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பது இனியாவுக்கு அவள் போன பிறகுதான் உறைத்தது.

“சோபாவையும் மெத்தையையும் தூக்கிப்போட யாருக்கும் காசு கொடுக்காதீங்க. டவுன் கவுன்சிலுக்கு போன் பண்ணா சும்மாவே எடுத்துட்டுப் போவாங்க” என்றவள், அடுத்ததாக அம்மா குறித்த நாளுக்கு வந்தாள். “ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் டாக்சியில போங்க. அரிசி, உப்பு, மஞ்சள், விளக்கு, பால் சட்டி. பாலைக் காய்ச்சிடுங்க. திங்கக்கிழமை நான் சாமானக் கொண்டு வரேன்.”

“வெறும் வீட்லயா பால் காய்ச்சுறது?”

“அன்னிக்குப் பால்தானம்மா பொங்கணும்? பீரோ பொங்கணுமா?”

இனியா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா விடவில்லை. “திங்கக்கிழமை ராகு காலம் காலையில வருதே.”

“அது முடிஞ்சப்புறம்தான் லாரி கெளம்பும். குடி போன வீட்டுக்குச் சாமான் வர்றதுக்கு இன்னொரு நாள் பாப்பாங்களா? ஞாயித்துக்கிழமைன்னா நானே நூத்தி இருவது கூடுதலா வாங்கியாகணும். ஆளுங்களுக்கு டபுள் சம்பளம்.”

அம்மா நாட்காட்டியை இன்னொரு முறை பார்த்துவிட்டு, “சரி, பால் மட்டும் குறிச்ச நேரத்துல பொங்கணும்” என்றாள். சுதா ஒரு தாளைக் கிழித்து எழுதினாள். எழுநூற்று இருபது வெள்ளி. படிக்கட்டு, கழற்றுவது, பூட்டுவது, காத்திருப்பது எல்லாம் சேர்த்து. ஏதாவது உடைந்தாலோ கீறினாலோ அவள் பொறுப்பு. முன்பணம் இல்லை, சாமான் இறங்கிய பிறகு கொடுத்தால் போதும்.

அம்மா அந்தத் தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். “நீயும் திங்கக்கிழமை லாரியக் கீழ நிறுத்திக்கிட்டு வேற கணக்கு சொல்ல மாட்டியே?”

கேட்ட விதத்தில் குத்தல் இருந்தது. இனியாவுக்கு முகம் சூடாகிவிட்டது. சுதா கோபப்படவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

“சொல்லிருக்கேன்மா” என்றாள். “வேற கம்பெனியில இருந்தப்ப.”

அதன் பிறகுதான் அவள் தன்னைப் பற்றிச் சொன்னாள். ஜூரோங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் பொட்டலம் கட்டுகிற வேலை. கணினிப் பாகங்களை நுரைப்பஞ்சில் வைத்து, உதறினாலும் அசையாதபடி பெட்டியில் அடைக்க வேண்டும். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனது, சுதா போகவில்லை. வீடு மாற்றித் தரும் ஒரு நிறுவனத்தில் தொலைபேசியில் பேசுகிற வேலை கிடைத்தது. தமிழும் மலாயும் பேசுவாள், குரலும் நன்றாக இருக்கும். எடுத்தவுடன் குறைந்த விலையைச் சொல்லச் சொன்னார்கள். மிச்சத்தை லாரி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். லாரி என்ன பார்த்துக்கொள்ளும் என்று அவளுக்கு எட்டு மாதம் புரியவில்லை.

“ஒருநாள் ஒரு பொம்பளை போன் பண்ணுச்சு. கைக்குழந்தையோட பிளாக்குக்குக் கீழ நிக்கிறேன், லாரியத் தொறக்க மாட்டேங்கிறாங்க, குழந்தையோட பால் பவுடர் உள்ள மாட்டிக்கிச்சுன்னு. முதலாளி பக்கத்துலயே நிக்கிறாரு. நான் சொன்னேன், மிச்சப் பணம் கட்டினாத்தான் தொறப்பாங்க மேடம். நான்தான் சொன்னேன். இதே வாயாலதான்.”

அம்மா கையிலிருந்த தாளை மடியில் வைத்தாள்.

“அந்தப் பொம்பளை கட்டிடுச்சு. மாசக் கடைசியில நான் வேலைய விட்டேன். அன்னிக்கு லாரி ஓட்டினது ஜாஃபர். அவரும் விட்டுட்டாரு. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய லாரி வாங்கினோம். ஜாலான் புசார்ல ஒரு ஹார்ட்வேர் கடைக்கு மேல ஒரு ரூம். ஏழு வருஷம் ஆச்சு. இப்ப ரெண்டு லாரி.” எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். “நம்புங்கன்னு நான் சொல்ல மாட்டேன்மா. அங்கயும் அதைத்தான் சொல்லச் சொல்லுவாங்க. தாளப் பத்திரமா வச்சுக்கிட்டு என்னைக் கூப்பிடலாமா வேணாமான்னு யோசிச்சுச் சொல்லுங்க.”

அம்மா யோசிக்கவே இல்லை. சுதா படியிறங்குவதற்குள், “திங்கக்கிழமை காலையில சாப்பிடாம வா, இட்லி பண்ணி வைக்கிறேன்” என்று மேலிருந்து குரல் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குறித்த நேரத்தில் வெறும் வீட்டில் பால் பொங்கியது. இனியாவுக்கு மட்டும் நிம்மதி இல்லை. ஒரு முறை சூடு பட்டாகிவிட்டது. இந்தத் தாளும் தாள்தானே? அனிதாவிடம் நானூறு வெள்ளி கடன் வாங்கி, உறையில் போட்டுக் கைப்பையின் அடியில் வைத்திருந்தாள். யாராவது லாரிக் கதவின் முன்னால் நின்று கேட்டால், வாதாடாமல் எடுத்துக் கொடுத்துவிடலாம்.

திங்கட்கிழமை ஜாஃபரும் மூன்று ஆட்களும் வந்தார்கள். பீரோக்களைக் கழற்றி, திருகாணிகளை உறையில் போட்டு அதனதன் கதவில் ஒட்டினார்கள். சுதா எவர்சில்வர் அடுக்குகளைத் தானே கட்டினாள். அவள் கட்டிய பெட்டியை ஜாஃபர் ஒரு தடவை குலுக்கிப் பார்த்தார். ஒரு கரண்டிகூடச் சத்தம் போடவில்லை. “ஃபேக்டரி கை லா” என்றார் அம்மாவிடம். பன்னிரண்டு மணிக்குள் பூன் லே வீடு காலி.

செங்காங்கில்தான் வந்தது வினை. இரண்டு மின்தூக்கிகளில் ஒன்றைப் பழுதுபார்ப்பதற்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். மற்றொன்றில் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளும் காய்கறி வண்டியோடு வருபவர்களும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்கள். புதுவீடு பதினான்காவது மாடி. லாரி கீழே நின்றது. ஆட்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம். காத்திருப்பதற்கு அரைமணிக்கு எவ்வளவு என்று அந்த முதல் படிவத்தில் போட்டிருந்தது இனியாவின் நினைவுக்கு வந்தது. மனதுக்குள் பெருக்கிப் பார்த்தாள்.

ஒன்றே கால் மணி நேரம் கழித்து இரண்டாவது மின்தூக்கி ஓடத் தொடங்கியது. சாமான்கள் மளமளவென்று மேலே வந்தன. மாலை நான்கு மணிக்கு சுதா கையில் அந்தத் தாளோடு கூடத்துக்கு வந்தாள். முகம் நன்றாக இல்லை.

“இனியா, கொஞ்சம் வா. ஒண்ணு சொல்லணும்.”

இதோ வந்துவிட்டது என்று நினைத்தாள் இனியா. கை தானாகப் பைக்குள் போய் உறையைத் தொட்டது.

சுதா அவளை அறைக்குள் அழைத்துப் போனாள். பூட்டி நிறுத்திய பீரோவின் பக்கவாட்டைக் காட்டினாள். மரநிறப் பூச்சில் ஒரு கீறல். “லிப்டுக் கதவுல உரசிடுச்சு. அவசரப்பட்டுட்டோம்.” நாடாவை எடுத்து அளந்தாள். “எட்டு சென்டி. நாப்பது வெள்ளி கழிச்சுக்க. அறநூத்தி எம்பது கொடு.”

இனியா கீறலையும் சுதாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மாதான் பின்னாலிருந்து, “அடப் போம்மா, சுவத்துப் பக்கம்தானே, யாரு பாக்கப்போறா” என்றாள்.

“தாள்ல எழுதியிருக்கேன்மா.”

“அப்ப காத்துக்கிட்டு இருந்தது?” என்று இனியா மெதுவாகக் கேட்டாள்.

“அதுவும் தாள்ல இருக்கு. படிக்கலையா நீ? ரெண்டு மொழி படிச்ச பொண்ணு!”

கைப்பைக்குள் உறையைப் பிடித்திருந்த விரல்களை இனியா ஒவ்வொன்றாக விட்டாள். அம்மா கொடுத்த பணத்தில் அறுநூற்று எண்பதை எண்ணிக் கொடுத்தபோதுதான், காலையிலிருந்து தான் ஒருவாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று தெரிந்தது. குழாயைத் திறந்து, பால் காய்ச்சிய சட்டியிலேயே பிடித்து, நின்றபடி குடித்தாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு சாவி கைமாறியது. வாங்கியவர்கள் காலி வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். பதினொன்றரைக்கு இனியா மருந்தகத்தில் அனிதாவிடம் உறையைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தாள். பிறகு பின்புற மாடிப்படிக்குப் போய் சுதாவை அழைத்தாள்.

“சாவி கொடுத்துட்டோம் அக்கா. ரொம்ப தேங்க்ஸ். இன்டர்நெட்ல உங்களுக்கு ரிவியூ எழுதப்போறேன். அஞ்சு ஸ்டார்.”

சுதா எங்கோ ஒரு வீட்டில் இருந்தாள். பின்னால் யாரோ அலமாரிக் கதவுகளைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“அஞ்சு போடு, மூணு போடு, அது உன் இஷ்டம். எனக்காக ஒண்ணே ஒண்ணு பண்ணு” என்றாள். “அந்தக் கீறலையும் எழுது. எட்டு சென்டின்னு போடு. தமிழ்லயும் எழுது, உங்கம்மா மாதிரி இருக்கிறவங்க படிக்கட்டும்.”